திறந்த ஜன்னலும் ஓடும் மோட்டாரும்

நியூயார்க் நகரத்தின் சட்டத்தில் ஒரு பருவம் இருக்கிறது. அக்டோபர் 1 தொடங்கி மே 31 வரை நீளும் அதற்கு வெப்பப் பருவம் என்று பெயர். அந்த எட்டு மாதங்களில், பகல் வேளையில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், வாடகை வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி இருந்தாக வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62-க்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் பகலுக்கு 20 டிகிரி செல்சியஸ், இரவுக்குச் சுமார் 17. குறைந்தால் குடியிருப்பவர் 311 என்ற எண்ணை அழைத்துப் புகார் சொல்லலாம். கதகதப்பு என்பது அங்கே வீட்டுக்காரரின் தயவு கிடையாது, குடியிருப்பவரின் உரிமை.

அதே நகரத்தில், அதே பருவத்தின் நடுவில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய அடுக்குமாடிகளில் வரிசையாக ஜன்னல்கள் திறந்து கிடக்கும். உள்ளே பனியனோடு ஆட்கள் நடமாடுவது தெருவிலிருந்தே தெரியும். எரித்து உண்டாக்கிய வெப்பம் அவ்வளவும் திரைச்சீலையை ஆட்டிவிட்டுத் தெருவுக்குப் போகும்.

ஒரு பொருளை உரிமை என்று ஆக்கிவிட்டால் மனிதர்கள் அதை வீணடிப்பார்களா? இந்தக் கேள்வி எனக்கு அந்த ஜன்னல்களைப் பார்த்து வந்ததல்ல. அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது வீட்டுக் கேள்வி. நம்மிடம் இருப்பது ஜன்னல் அல்ல, மோட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

*

சரவணம்பட்டியில் நான் வேலை செய்யும் அலுவலகம் ஒரு குளிர்காலத்தில் என்னை மூன்று மாதம் நியூயார்க்குக்கு அனுப்பியது. கூட வந்தவர்கள் சுதந்திர தேவி சிலைக்கும் டைம்ஸ் சதுக்கத்துக்கும் போனார்கள். நானும் போனேன். ஆனால் என் கண் நின்றதெல்லாம் தெருவில் நட்டுவைத்திருக்கும் ஆரஞ்சும் வெள்ளையுமான புகைக்குழாய்களிலும், அறை மூலையில் உஸ்ஸென்று மூச்சுவிடும் இரும்பு ரேடியேட்டரிலும்தான்.

மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே மங்கி குல்லாய் போட்டுக்கொள்ளும் கோயமுத்தூர்க்காரனுக்கு வீட்டைச் சூடாக்கும் கருவிகள்மீது என்ன பித்து என்று கேட்கலாம். காரணம் என் தாய்மாமா. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் அவர் பாய்லர்காரர். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். பள்ளி விடுமுறைகளில் அவரோடு பட்டறைக்குப் போவேன். விறகு போடும் வாய், பிரஷர் கேஜின் முள், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், கணுக்கணுவாகச் சுற்றிப்போகும் ஸ்டீம் லைன். "தண்ணிக்கு ஒரு கோவம் உண்டு கண்ணு, அதத்தான் நாம வாடகைக்கு எடுக்கறோம்" என்பார். பொறியியல் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் படித்தபோது எனக்கு அந்த வாக்கியம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

மாமா சொன்ன கோபத்துக்குப் பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று பெயர். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அந்த 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக மாற்ற இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். வெப்பமானியில் ஒரு டிகிரிகூட ஏறாது, ஆனால் வாங்கிக்கொண்டதெல்லாம் உள்ளே இருக்கும். அந்த ஆவி ஒரு குளிர்ந்த இரும்பைத் தொட்டு மறுபடி தண்ணீராகும்போது அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்; தன் அழுத்தத்திலேயே ஆறு மாடி ஏறும். ஒரு நகரத்தையே சூடாக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டுக்காரர்களுக்குத் தோன்றியது இதனால்தான்.

அப்படித் தோன்றியவர்களில் முக்கியமானவர் பேர்ட்சில் ஹாலி. நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் என்ற ஊரில் 1877-ல் ஒரு பொதுக் கொதிகலனிலிருந்து பல வீடுகளுக்குக் குழாய் வழியே நீராவி கொடுத்துக் காட்டினார். அதற்கு முன்னால் அவர் பம்பு செய்துகொண்டிருந்தவர் என்று படித்தபோது எனக்கு அவர் பீளமேட்டுக்காரர் போலவே தெரிந்தார். 1882 மார்ச்சில் நியூயார்க் நகரில் நீராவி விநியோகம் தொடங்கியது. எடிசன் அதே நகரில் பேர்ல் தெரு மின்நிலையத்தை இயக்கியது அதே ஆண்டு செப்டம்பரில். அதாவது, அந்த ஊருக்கு எடிசனின் கரன்ட் வருவதற்கு ஆறு மாதம் முன்பே ஸ்டீம் வந்துவிட்டது. இன்றும் மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து 96-ஆம் தெரு வரை, நூறு மைல்களுக்கும் மேல் நீளும் குழாய்களில் நீராவி ஓடுகிறது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் சூடாகின்றன.

வாட்ஸ்அப்பில் மாமாவுக்குத் தெருப் புகைக்குழாயின் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"மாப்ள, ஸ்டீம் போய்ச் சேர்ந்து தண்ணியாயிருமல்ல, அத எந்த லைன்ல திருப்பிக் கொண்டாறாங்க?"

"திருப்பறதில்லைங்க மாமா. பெரும்பாலும் ஆறவெச்சுச் சாக்கடைல விட்டுர்றாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அட கெரகமே! சுடுதண்ணியையா?"

அவருடைய அதிர்ச்சிக்கு நியாயம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். நொய்யலில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் மறுபடி திறந்த பிறகு, சாயத்தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பைப் பிரித்து, தண்ணீரை மீட்கும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர். ஒரு குடம் தண்ணீரைத் திரும்பப் பெற எவ்வளவு விறகு ஆகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவதாக ஒரு குழாயைப் பெருநகரத்தின் அடியில் பதித்துப் பராமரிப்பதைவிடச் சாக்கடையில் விடுவது அவர்களுக்கு மலிவு என்று நான் சொன்ன விளக்கம் அவருக்குச் செலவுக் கணக்காகக் கேட்டிருக்கும். நியாயமாகக் கேட்டிருக்காது.

*

நான் தங்கியிருந்த கட்டடம் அந்த நகரக் குழாயில் இணைந்ததல்ல. அடித்தளத்தில் சொந்தமாக ஒரு பாய்லர். மாடிகளில் ஒற்றைக்குழாய் ரேடியேட்டர்கள். ஒரே குழாயில் ஆவி மேலே ஏறும், தண்ணீர் கீழே இறங்கும். ரேடியேட்டரின் ஒரு பக்கம் வால்வு, மறுபக்கம் காற்று வெளியேற ஒரு சின்ன வென்ட். ஆவி வரும்போது உள்ளே இருக்கும் காற்று அந்த வென்ட் வழியே உஸ்ஸென்று வெளியேறும்.

இந்த வால்வில் ஒரு விதி உண்டு. முழுசாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாக மூட வேண்டும். பாதி திறந்தால் இறங்க வேண்டிய தண்ணீர் ஆவியோடு மோதி உள்ளேயே நிற்கும். சம்மட்டியால் அடிப்பதுபோல் குழாய் நடுராத்திரியில் அதிரும். ஆக, "கொஞ்சம் குறைச்சு வைப்போம்" என்பதற்கு அந்தக் கருவியில் இடமே இல்லை. கட்டடத்திலேயே அதிகம் குளிரும் வீட்டில் சட்டப்படி 68 டிகிரி வரும்வரை பாய்லர் எரிந்தால், மற்ற வீடுகள் 80-ஐத் தாண்டும். அப்போது கைக்கு எட்டும் ஒரே கைப்பிடி ஜன்னலுடையதுதான்.

இதைவிட ஆச்சரியமான சங்கதி ஒன்று இருக்கிறது. அமெரிக்க நீராவி வெப்பமூட்டலின் வரலாற்றைப் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் டான் ஹோலஹன் விளக்குவது இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூடிய அறையின் காற்றே நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. 1918-ல் வந்த இன்ஃப்ளூயன்ஸா அதை இன்னும் வலுவாக்கியது. அதனால் ஆண்டின் மிகக் குளிரான நாளில் ஜன்னல்கள் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்கும்படி பாய்லரையும் ரேடியேட்டரையும் பெரிதாகவே அளந்து வைத்தார்கள். ஆக, ஜன்னலைத் திறக்கும் ஆள் விதியை மீறவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த வரைபடத்தைப் பின்பற்றுகிறார்.

வீண்செலவு என்று நாம் சுட்டுவிரல் நீட்டும் பல இடங்களில் இப்படி ஒரு வரைபடம் ஒளிந்திருக்கிறது. வரைந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பழி மட்டும் குடியிருப்பவர் தலையில்.

*

ஊருக்கு வருவோம்.

1970 ஜூன் 19 அன்று, திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள்மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் நடந்த சண்டை அது. நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டாரத்தில் எழுந்த அந்த இயக்கம், 1972-ல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த நீண்ட போராட்டத்தின் முடிவில்தான் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்று ஆனது. எங்கள் பக்கம் யாரும் அதை இலவசம் என்று லேசாகச் சொல்லமாட்டார்கள். உயிர் கொடுத்து வாங்கியது என்பார்கள். நியூயார்க்கின் 68 டிகிரி எப்படி உரிமையோ, அப்படி இதுவும்.

அதே ஊரில்தான் தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். போர் 1,000 அடியைத் தாண்டிப் போனதையும் பார்க்கலாம். "சும்மா கெடச்சா இப்படித்தான்" என்று சொல்லாத பொருளாதாரக் கட்டுரை இல்லை. அலுவலகத்தில் காபி குடிக்கும் நேரத்திலும் இதே பேச்சு. மீட்டர் மாட்டினால் தானே திருந்துவார்கள் என்பது முடிவு.

இந்த முடிவுக்கு வேகமாக வந்து சேர்பவர்கள் மோட்டார் ரூமுக்குள் போய்ப் பார்த்ததில்லை. அங்கே சுவரில் 'ஆட்டோ' என்று ஒன்று இருக்கும். மும்முனைக் கரன்ட் வந்தவுடன் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் கருவி. அதை ஏன் மாட்டினார்கள்? மும்முனைக் கரன்ட் குறிப்பிட்ட சில மணி நேரங்கள்தான் வரும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் வரும் என்பதால். இருட்டில் வரப்பில் நடந்துபோய்ச் சுவிட்ச் போட்டு, பாம்பு கடித்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆட்டோவைப் போட்டுவிட்டுத் தூங்குவது சோம்பல் அல்ல. ஒற்றைக்குழாய் வால்வைப் போலத்தான் இதுவும்: முழுசாத் திற, இல்லாவிட்டால் முழுசா மூடு. நடுவில் நின்று அளந்து செலவு செய்யும் கைப்பிடி விவசாயியிடம் கொடுக்கப்படவில்லை.

ஒருவரால் செய்ய முடியாததை அவருடைய கடமை என்று சொல்ல முடியாது என்பது கான்ட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் அறவிதி. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் பொறுப்பைத் தேடுவது, பூட்டின வண்டியில் மாட்டைப் பார்த்து "ஏன் இந்தப் பக்கம் போனே?" என்று கேட்பது போன்றது. கயிறு யார் கையில் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நீராவி விஷயத்தில் இதற்கு எளிய விடை கிடைத்துவிட்டது. ஆவி வரும் வால்வைத் தொட வேண்டாம். காற்று வெளியேறும் வென்ட் பக்கம் சூட்டை உணர்ந்து மூடிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியை மாட்டினால் போதும். அறை போதுமான அளவு சூடானதும் காற்று வெளியேறாது. காற்று வெளியேறாவிட்டால் ஆவி உள்ளே வராது. ஒருவருடைய உரிமையையும் பறிக்கவில்லை, ஒருவரையும் குளிரில் விடவில்லை. ஜன்னல் தானாக மூடிக்கொள்கிறது. மனிதர்களைத் திருத்தாமலே வீண்செலவைத் திருத்தலாம் என்பதற்கு இதைவிட மலிவான நிரூபணம் எனக்குத் தெரியாது.

*

இங்கேயே முடித்துவிட்டால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் சில வருஷங்களுக்கு முன்பு மொபைலில் இயக்கும் ஸ்டார்ட்டர் மாட்டினோம். படுத்த இடத்திலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கைப்பிடி வந்துவிட்டது. தொட்டி வழிவது நின்றது. சொட்டுநீரும் போட்டாயிற்று. ஆனால் போரில் தண்ணீர் மட்டம் ஏறவில்லை. மிச்சம் பிடித்த தண்ணீரில் அப்பா இன்னும் நாற்பது தென்னை வைத்தார்.

"நாம உட்டா பக்கத்துத் தோட்டத்துக்காரன் இழுத்துக்குவான்" என்றார். அவர் பேராசைக்காரர் இல்லை. பூமிக்கு அடியில் வேலி இல்லை என்ற உண்மையைத்தான் சொன்னார்.

கதகதப்புக்கு மேல்வரம்பு உண்டு. 22 டிகிரியில் சுகமாக இருப்பவர் 40 டிகிரி கேட்க மாட்டார். கைப்பிடியைக் கொடுத்தால் அவர் உடம்பே அளவு சொல்லிவிடும். விற்பதற்கு இறைக்கும் தண்ணீருக்கு அந்த மேல்வரம்பு இல்லை. தேங்காய்க்கு விலை இருக்கும்வரை போதும் என்ற சொல் வராது. கவலையில் இறைத்த காலத்தில் ஒரு வரம்பு இருந்தது. மாடு களைத்தால் நின்றுவிடும். மாட்டின் களைப்புதான் கிணற்றின் பாதுகாப்பு. 1930-களில் பைக்காராவிலிருந்து கரன்ட் வந்து, கோயமுத்தூர் பம்பு செய்யக் கற்றுக்கொண்டபின் களைக்காத மாடு கிடைத்துவிட்டது.

அப்படியானால் மீட்டர்தான் வழியா? வெப்பத்துக்கே மீட்டர் வைத்த ஒரு நாடு என்ன கற்றுக்கொண்டது என்று பார்க்கலாம். ஜெர்மனியில் 1981 முதல் வெப்பச் செலவுக்கென்று ஒரு விதிமுறை இருக்கிறது. பொதுக் கொதிகலன் உள்ள கட்டடங்களில், மொத்தச் செலவில் 50 முதல் 70 சதவீதத்தை அவரவர் பயன்படுத்திய அளவுப்படி பிரிக்க வேண்டும். மீதியை வீட்டின் பரப்பளவு போன்ற பொது அளவுப்படி எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏன் நூறு சதவீதமும் மீட்டர்படி இல்லை? கொதிகலனை வைத்திருப்பதற்கே ஒரு செலவு உண்டு என்பது ஒரு காரணம். இன்னொன்று, சுவர். நடு மாடியில் இருப்பவர் தன் ரேடியேட்டரை அணைத்துவிட்டாலும் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடுகளின் வெப்பம் சுவர் வழியே அவர் வீட்டுக்கு வந்துகொண்டேயிருக்கும். மீட்டர் பூஜ்யம் காட்டும், அவர் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். அதிகச் சுவர்கள் வெளிக்காற்றைப் பார்க்கும் மூலை வீட்டுக்காரர் அதிகம் கட்டுவார். மீட்டரின் கண்ணுக்குச் சுவர் தெரியாது. ஆகவே ஒரு பகுதி உனது, ஒரு பகுதி நமது.

எனக்கு இந்த விதிமுறையைப் படித்தபோது எங்கள் வீட்டு இரும்புப்பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம் நினைவுக்கு வந்தது. கொங்குப் பக்கம் நிலம் வாங்கிய எவரும் இந்த வாசகத்தைப் பார்த்திருப்பார்கள். நிலத்தின் அளவைச் சொல்லிவிட்டு, கிணற்றில் பொதுவில் நான்கில் ஒரு பங்கு, இன்ன முறைப்படி தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம் என்று எழுதியிருக்கும். கிணறு பங்காளிகள் எல்லோருக்கும் சொந்தம். முறை வரும் நாள் மட்டும் அவரவருக்கு. இன்றைக்கு உன் முறை என்றால் நாளைக்கு என் முறை. கால்வாய்களில் அதற்கு முறைநீர்ப் பாசனம் என்று பெயர். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து இன்றும் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள்.

பொதுச்சொத்து என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968-ல் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். அப்படி ஆகாமல் ஊர்கள் தாங்களே விதி வகுத்துக் காத்த இடங்களை உலகம் முழுக்க எடுத்துக்காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்ன நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு: யார் பங்காளி என்ற எல்லை தெரிய வேண்டும், யார் எவ்வளவு எடுத்தார் என்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திறந்த கிணறு இரண்டையும் கொடுத்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் மட்டம் தெரியும், யார் கவலை ஓட்டுகிறார் என்பது சத்தத்திலேயே தெரியும். ஆறரை அங்குலப் போர்க்குழி அந்த இரண்டையும் மூடிவிட்டது. எட்டிப் பார்க்க முடியாத கிணற்றுக்கு முறை வைக்க முடியாது.

நம்மிடம் இரண்டு விதமான வீணடிப்புகள் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று, கைப்பிடி இல்லாததால் வருவது. திறந்த ஜன்னலும் வழியும் தொட்டியும் அந்த வகை. அதற்கு அறிவுரை தேவையில்லை, கட்டணமும் தேவையில்லை. ஒரு நல்ல வால்வும் நேரத்துக்கு வரும் கரன்ட்டும் போதும். இன்னொன்று, அடுத்தவர் பங்கு கண்ணுக்குத் தெரியாததால் வருவது. இதை வால்வு தீர்க்காது. மீட்டர் பாதி தீர்க்கலாம். ஆனால் பணம் உள்ளவர் கட்டணத்தைக் கட்டிவிட்டு இன்னும் ஆழத்துக்குப் போவார், இல்லாதவர் நிலத்தை விற்றுவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போவார். பெருமாநல்லூரில் விழுந்தவர்களுக்கு அது பதிலாகாது. முதல் வகையைக் காட்டி உரிமையே தப்பு என்பதும், இரண்டாம் வகையை உரிமையின் பெயரால் மறைப்பதும் ஒரே அளவு பொய்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டு, பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே வரத் தொடங்கியிருக்கிறது. மூன்று தலைமுறை கேட்டு வாங்கிய தண்ணீர். குளம் நிரம்பினால் சுற்றியிருக்கும் போர்களில் மட்டம் ஏறும். மட்டம் ஏறினால் எங்கள் அப்பா உட்பட எல்லோருக்கும் இன்னும் நாற்பது தென்னைக்கு ஆசை வரும். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பாய்லர்காரராகத்தான் பதில் சொன்னார்:

"நீங்க எத்தனை வெறகு வேணா போடுங் மாப்ள. தண்ணி மட்டம் தெரியற கண்ணாடிக் குழாய் இல்லாத பாய்லர நான் ஓட்டமாட்டேன்."

ஊர்க் குளத்துக்கரையில் மேடை போட்டு மரியாதை செய்து முடித்தாகிவிட்டது. இனி அந்தக் குளத்தைச் சுற்றியிருக்கும் போர்களின் மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து, ஊராட்சிச் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவைக்க வேண்டும். முறை வைப்பதைப் பற்றிய பேச்சை அங்கிருந்துதான் தொடங்க முடியும். அளக்க ஒரு கயிறும் ஒரு கரித்துண்டும் போதும். எழுதிவைத்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசப் போகும் முதல் ஆள் யார் என்பதுதான் செலவு பிடிக்கும் காரியம்.